கேட் மூடும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாகக் கொச்சி வரை குழுவாக வேனில் போய்வரும் சுற்றுலாவைப் பற்றி உங்கள் வார இணைப்பில் கட்டுரை வந்திருந்தது. காடு, கடல், நகரம் மூன்றையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம் என்கிறது கட்டுரை. பாதை அருமையான பாதை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் கணக்கு முழுக்கக் கிலோமீட்டரில் போடப்பட்டிருக்கிறது. இந்த வழியில் கிலோமீட்டர் உதவாது. காட்டுச் சாவடியின் கேட் எப்போது திறக்கும், எப்போது மூடும், வண்டியில் எத்தனை தலை என்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கார் என்றால் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். 12 பேர் உட்கார்ந்த வேனுக்கு மூன்றரை மணி நேரம் வையுங்கள். வண்டி மெதுவாகப் போவது மட்டும் காரணமல்ல. ஓரிடத்தில் நின்றால் 12 பேர் இறங்கி, படம் எடுத்து, டீ குடித்து, கழிப்பறைக்குப் போன கடைசி ஆள் வந்து ஏறுவதற்குள் 20 நிமிடம் ஓடிவிடும். குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும் காட்சிமுனை, நடுவில் யாருக்காவது வாந்தி என்று ஒரு நாளில் ஆறு நிறுத்தம் வந்தால் இரண்டு மணி நேரம் போச்சு. கட்டுரையில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு இடமே இல்லை.

மலையேறும் முன் இ-பாஸ் வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இருக்கும் ஏற்பாடு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் எல்லாம் அதில் கேட்கப்படும். பாஸ் எடுத்த பிறகு வேன்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் எண் பொருந்தாது. அதனால் எந்த வண்டி வரும் என்பதை முதல் நாள் மாலையே எண்ணோடு கேட்டு வாங்கிவிட வேண்டும். சாவடியில் நின்றுகொண்டு செல்போனில் பாஸ் எடுக்க முயல்பவர்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது முக்கியமான கேட். வால்பாறையிலிருந்து சுமார் 26 கி.மீ. போனால் மளுக்கப்பாறை. அங்கே கேரள வனத்துறைச் சாவடியில் வண்டி எண்ணையும் ஆட்களையும் குறித்துச் சீட்டுத் தருவார்கள். பிளாஸ்டிக் பொருட்களையும் பார்ப்பார்கள். மறுமுனை வாழச்சால் சாவடி. இடையில் ஏறத்தாழ 50 கி.மீ. அடர்ந்த காடு. காலை 6 முதல் மாலை 6 வரைதான் போக்குவரத்து. இதைப் படித்துவிட்டு ஐந்தரைக்குப் போய் நின்றால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. பாதை ஒற்றைத்தடம், எதிரே லாரி வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இந்த 50 கி.மீ. கடக்க வேனுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆக, மாலையில் உள்ளே போகும் திட்டமே கூடாது. காலை ஆறரைக்கு வால்பாறையை விட்டு, எட்டு மணிக்கு மளுக்கப்பாறை கேட்டைத் தாண்டுவதுதான் சரி. அப்படியானால் முதல் நாள் இரவு வால்பாறையில் தங்கியே ஆக வேண்டும். இரண்டு நாள் திட்டம் உடைவது இங்கேதான்.

மழைக்காலத்தில் மண்சரிவாலும் சாலைப் பணியாலும் இந்தப் பாதையை நாள்கணக்கில் மூடிவிடுவதும் உண்டு. கிளம்பும் முன் வால்பாறையில் அன்றன்றைக்கு விசாரிக்க வேண்டும். மூடியிருந்தால் 40 வளைவுகளும் திரும்ப இறங்கிப் பாலக்காடு வழியாகப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வால்பாறையை விட்டால் அதிரப்பள்ளிப் பக்கம் இறங்கும்வரை பெட்ரோல் பங்க் இல்லை, பட்டறை இல்லை, பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் இல்லை. டீசலை வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை, ஒரு நல்ல டார்ச் ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, கட்டை வைப்பது வழக்கமாக வேண்டும்.

பிரேக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 9 பேர் இறந்த பிறகுமா? மலையில் வண்டி இறங்கும்போதுதான் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய பாடம், இன்றைக்கும் அதுதான் பாடம். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நான்காவது கியரில் போட்டு, பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்க்கும் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போனால் அது கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் மிதி திடீரென்று தரைவரை இறங்குகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வண்டி பேசும்போது பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் வேறு வண்டி பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் முதலாளியின் வண்டியும் வேண்டாம்.

கருகல் வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் இரும்பு விரிசல் விட்டுவிடும். டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். பிரேக் மிதிக்கு உதவும் வேக்யூம் நின்றுவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்துக்கு முழு அகலமும் தேவைப்படும். மேலே பேருந்து தெரிந்தால் வளைவுக்கு 20, 30 அடி முன்பே நின்றுவிடுங்கள். வளைவுக்குள் சந்தித்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வந்த கார்கள் பின்வாங்கவும் விடாது.

வாந்தி சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒருவர் எடுத்தால் நான்கு பேர் எடுப்பார்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கடைசி வரிசைதான் அதிகம் ஆடும், ஒத்துக்கொள்ளாதவர்களை முன்னால் உட்கார வையுங்கள். காலையில் பூரியும் பொங்கலும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டு, மலையேற அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஏறிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்பதால் ஓட்டுநருக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பைக்குப் பதில் தடித்த காகிதப் பைகளை எடுத்துச் செல்லுங்கள்.

மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் இடையில் யானை குறுக்கிடுவது சாதாரணம். கபாலி என்று பெயர் வாங்கிய, தனியாகத் திரியும் கொம்பன் யானை 2022 நவம்பரில் ஒரு தனியார் பேருந்தை ஏறத்தாழ 8 கி.மீ. தூரம் பின்னோக்கியே போகவைத்தது. அந்த ஓட்டுநர் செய்ததுதான் சரி. ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைச் சிமிட்டக் கூடாது, என்ஜினை அணைக்கக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. இரண்டு வேன்களாகப் போகும் குழுக்கள் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. முன் வண்டி பின்வாங்க இடமில்லாமல் போவது இதனால்தான். இடைவெளி குறைந்தது 100 அடி இருக்கட்டும்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டியிலிருந்து சிப்ஸ் வீசினால் குரங்கு பாலத்தை விட்டுத் தாரில் இறங்கும், அடுத்த வண்டியில் அடிபடும். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு குழந்தை குரங்குக்குப் பிஸ்கட் நீட்டுகிறது. அந்தப் படத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அதிரப்பள்ளி அருவி சுமார் 80 அடி உயரம். மேலே பெரிங்கல்குத்து அணை இருப்பதால் கோடையில் மின் உற்பத்திக்கு விடும் தண்ணீரைப் பொறுத்தே அருவி பெருகும், மெலியும். மழை முடிந்த செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஏமாற்றாது. அடிவாரம்வரை இறங்கும் பாதை செங்குத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது.

சாலக்குடியில் மதியச் சாப்பாடு. அங்கிருந்து பலரும் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து நேரே எர்ணாகுளம் போய்விடுகிறார்கள். அதைவிட மாளை வழியாகக் கொடுங்கல்லூர் இறங்கிக் கடலோரமாகப் போகலாம். சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகம் இந்தப் பகுதிதான் என்று கருதப்படுவதால் தமிழருக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இருக்கிறது. பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. அதைத் தாண்டி வைப்பின் தீவில் செறாயி கடற்கரை. இரண்டாவது இரவுக்கு அதுவே சரியான இடம்.

கடல் அமைதியாகத் தெரிவதை நம்பக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவதுதான் அது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். குழுவில் நீரில் இறங்காத ஒருவர் கரையில் நின்று தலையெண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் வைப்பின் முனையிலிருந்து ரோ-ரோ படகில் வேனோடு ஃபோர்ட் கொச்சிக்குக் கடந்துவிடலாம். சில நிமிடப் பயணம்தான், சுற்றிப் போனால் எர்ணாகுள நெரிசல் முழுவதையும் அனுபவிக்க வேண்டும். படகு பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களுக்குள் வேனைக் கொண்டுபோகாமல் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோவிலோ நடந்தோ போவது மேல்.

இங்கேயும் கிழமை பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத வழிபாட்டுக்கூடம் சனிக்கிழமை மூடியிருக்கும். திருப்பூணித்துறை ஹில் பேலஸ் திங்கள் மூடல். வெள்ளிக்கிழமை காலை பொள்ளாச்சியில் கிளம்பினால் ஞாயிறு கொச்சி, மூன்றும் திறந்திருக்கும். சனிக்கிழமை கிளம்பினால் ஹில் பேலஸ் மட்டும் கிடைக்காது. கட்டுரை சொல்வதுபோல் சனிக்கிழமையே கொச்சியில் நின்றால் யூதத் தெருவில் பூட்டிய கதவைப் படமெடுத்துத் திரும்பலாம்.

திரும்பும்போது திருச்சூர், குதிரான் சுரங்கம், வாளையார் வழியாகக் கோவை சுமார் 190 கி.மீ. நெடுஞ்சாலையில் சாலக்குடியைச் சுற்றிக் கீழ்ப்பாலப் பணிகளால் நெரிசல் உண்டு, ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

வண்டி பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும். மஞ்சள் போர்டிலும் அகில இந்திய சுற்றுலா பர்மிட் உண்டா, இல்லையென்றால் கேரள வரி யார் பொறுப்பு, டோல், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா யார் தருவது, கிலோமீட்டர் ஷெட்டில் இருந்து ஷெட் வரையா, ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். மலையில் ஒரு நாளைக்கு 100 கி.மீ.கூட ஓடாது, ஆனால் 250 அல்லது 300 கி.மீ.க்குக் கணக்குப் போடுவார்கள். அது ஏமாற்று அல்ல, நடைமுறை. முன்பே தெரிந்தால் கடைசி நாளில் சண்டை இருக்காது.

கட்டுரையிலேயே மிக ஆபத்தான வரி, 'சென்னையிலிருந்து வெள்ளி இரவு புறப்பட்டு விடியற்காலை மலையேறலாம்' என்பது. சென்னையிலிருந்து பொள்ளாச்சி 500 கி.மீ.க்கு மேல். இரவெல்லாம் விழித்து ஓட்டிய அதே ஆள் காலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் திருப்ப வேண்டும் என்கிறீர்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று சொன்னது. ஒன்று, ரயிலில் கோவை வந்து அங்கே வண்டி எடுங்கள். அல்லது இரண்டு ஓட்டுநர் கேளுங்கள். இரண்டாமவர் இரவில் நிஜமாகவே தூங்க வேண்டும், பாட்டுப் போட்டு அவரையும் விழிக்க வைத்தால் அவர் வந்தும் பயனில்லை. 12 பேருக்கு அறை போடும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் சேர்த்துக் கேளுங்கள். பல தங்கும் விடுதிகளில் அவருக்கென்று இடம் கிடையாது. வால்பாறைக் குளிரில் வேன் சீட்டில் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் காலை உங்களைக் காட்டுப் பாதையில் இறக்கிக்கொண்டு போகப் போகிறார்.

இப்படிக்கு,
மலைப்பாதை வேன் ஓட்டுநர்கள் சிலர்,
பொள்ளாச்சி.