ப்ரபோசலை மறுபடி அனுப்பு, மாப்ள

மாப்ள,

உன் மெயிலுக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள், அழகர் மலைக்குத் திரும்பின பிறகுதான் நானும் லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள். திருநகர் வீட்டு மாடியில் ஷீட் போட்டு அதையே ஆபீஸாக்கிவிட்டேன். மத்தியானம் வெந்து போகிறது, மற்றபடி குறையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருள் மாநாட்டில் பேசுவதற்கு அனுப்பின ப்ரபோசல் திரும்பி வந்துவிட்டது, மேடையெல்லாம் நமக்குச் சரிப்படாது, பிளாகையும் மூடிவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பினதைப் படித்தேன். மைக்ரோசர்வீஸ், ஓர் அறிமுகம்: பெரிய மென்பொருளைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரிப்பது பற்றி. இதை யார் வேண்டுமானாலும் பேசலாமேடா, நீ எதுக்கு? பல மாநாடுகளில் முதல் சுற்றில் பேரை மறைத்துவிட்டுத்தான் படிக்கிறார்கள். உன் அனுபவமோ கம்பெனி பேரோ அங்கே துணைக்கு வராது, நீ எழுதின இரண்டு பத்தியை மட்டும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஆனால் அதே மெயிலில் கீழே, போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாய் பார்: மாசக் கடைசி ராத்திரி ஒரே பேமெண்ட் இரண்டு தடவை பதிவாகி, ஆபீஸே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை. மேடையில் பேச வேண்டிய டாக் அதுதான்டா! சர்வர் வேலையை முடித்துவிட்டது, பதில் வருவதற்குள் டைம்அவுட் ஆகிவிட்டது, ஆப் மறுபடி அதே கோரிக்கையை அனுப்பியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடு என்று நீங்கள் மாற்றினீர்கள். இந்தத் தீர்வு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதுக்காக யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். சர்வர் நடந்ததை எழுதி வைக்கும் லாகில் எதைப் பார்த்தீர்கள், முதலில் யார் மேல் சந்தேகப்பட்டீர்கள், எங்கே வழி மாறிப் போனீர்கள் என்பது மட்டும் உன்னிடம்தான் இருக்கிறது.

என் கதை உனக்குப் பாதி தெரியும். கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரிக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன் இல்லையா, சின்ன ரசீதில் ஊர்ப் பெயருக்கு ஒன்பது இடம்தான். விருதுநகர் என்று அடித்தால் ‘விருதுநகர’ என்று வந்து நிற்கும். கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாகச் சேர்த்து பத்து. ஒன்பதில் வெட்டினால் கடைசிப் புள்ளி காலி. கொட்டாம்பட்டி இன்னும் மோசம். ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடினால் பாதி வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்கள். உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற, இரண்டாக இருப்பதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றின பிறகுதான் அடங்கியது.

இதைத் தமிழில் ஒரு பதிவாக எழுதிப் போட்டேன். கொஞ்ச நாள் ஒரு ஈ காக்கை இல்லை. அப்புறம் மாசத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் முன்பின் தெரியாதவர், தன் புரோகிராமை அனுப்பி இங்கே ஏன் உடைகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளைத்தான் வரிசையாக அடுக்கி டாக் ஆக்கினேன், புதிதாக நான் யோசித்தது ஒன்றுமில்லை. நம் பதிவைப் படிக்கப் போகிறவர் நண்பர்கள் இல்லை மாப்ள, ராத்திரி பதினோரு மணிக்குப் பிழைச் செய்தியை அப்படியே கூகுளில் ஒட்டித் தேடுகிற யாரோ ஒருத்தர். அதனால் அந்தச் செய்தியை ஒரு எழுத்து மாறாமல் பதிவில் போடு, என்ன வெர்ஷன், எந்தத் தேதி என்பதையும் போடு.

மேடை பற்றி. போன மாசம் இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். வருகைப் பதிவுக்காக உட்கார வைக்கப்பட்ட பசங்க, பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைத்தான் என்ற புரோகிராம் மொழியைத் திறந்து, ‘மதுரை’க்கு எத்தனை எழுத்து, நீளத்தை எண்ணும் len போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். மூன்று என்று மொத்த ஹாலும் சொன்னது; வந்தது ஐந்து. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் பைட் கணக்கில் பதினைந்து. அதையே தலைகீழாகத் திருப்பச் சொன்னதும் ஐகாரக் குறி, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல், அதற்குப் பதிலாகத் திரை காட்டும் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்து நின்றது, பின் வரிசைப் போன்களெல்லாம் இறங்கிவிட்டன. சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்த பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, பேச்சு சுவாரசியமில்லை என்றால் முகத்தில் காட்டிவிடுவார்கள், அந்த வகையில் பழகிக்கொள்ள நல்ல இடம். மாநாட்டில் நாகரிகமாகக் கை தட்டிவிடுவார்கள், பேச்சு பிடித்ததா இல்லையா என்று நமக்கு ஒன்றும் புரியாது.

இன்னொன்று, டெமோவை டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், காட்டாதே. பல டெர்மினல்களில் தமிழ் சரியாகக் கோத்துக்கொள்ளாது, நான் பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டிக் காட்டும் ஜூபிட்டரைத் திறந்துதான் காட்டுகிறேன். உனக்குத் தமிழ்ப் பிரச்சினை இல்லை, இருந்தாலும் ஹால் வைஃபையை நம்பாமல் வீடியோவாக எடுத்து வைத்துக்கொள். ஸ்லைடை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டுப் பதிவு போட்டாச்சு என்று சொல்லாதே, பேசின ஆள் இல்லாமல் அந்த நாலு வரி யாருக்கும் புரியாது. முதலில் முழுசாக எழுது, அதிலிருந்து ஸ்லைடு எடு. மேனேஜரிடமும் கேட்டுக்கொள், வாடிக்கையாளர் பேரும் தொகையும் இல்லாமலே அந்தக் கதை நிற்கும்.

எழுதினதும் லிங்க் அனுப்பு, இந்தத் தடவை உடனே படித்துவிடுகிறேன். அப்புறம், மேலூர்ப் பக்கம் இடம் பார்க்கச் சொன்னாயே, விசாரித்துவிட்டேன். விலையை இப்போது சொன்னால் நீ எழுத மாட்டாய். பசங்களுக்கு லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு வா, நேரில் சொல்கிறேன்.