ஸ்வீடிஷ் கற்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்வீடனில் உயர்கல்வி பற்றிய உங்கள் கட்டுரை, பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் மொழிக்கு ஒரு செயலி போதும் என்கிறது. வகுப்பறைக்குச் சரி, பகுதிநேர வேலை தேடும்போது போதாது. அங்கே குடியேறியவர்களுக்காக நகராட்சிகள் நடத்தும் எஸ்.எஃப்.ஐ. என்ற ஸ்வீடிஷ் மொழி வகுப்பு இலவசம்தான். ஆனால் அதில் சேரப் பொதுவாக அந்நாட்டு மக்கள் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். அடிப்படையை இங்கிருந்தே இணையத்தில் படித்துவிடுவது நல்லது.

செயலியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுத் தொட்டு, சொல்லை அடையாளம் காணத்தான் பழகுகிறோம். பேச வாய் எழாது. முதல் இரண்டு வாரத்தை ஒலிக்கே கொடுங்கள். குறில் நெடில் பழகிய காது நமக்கு உதவும்: 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. தமிழில் இல்லாத உயிர்கள்தான் சிக்கல். 'ஈ' என்று இழுத்தபடி நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்தால், அவர்களின் ஒய் எழுத்துக்குரிய ஒலி வரும். இகர, எகரம் போன்ற உயிர்கள் பின்னால் வந்தால் ஜி எழுத்து பெரும்பாலும் யகரமாகும். நாம் கோத்தன்பர்க் என்று எழுதும் நகரம் அங்கே 'யோத்தெபொரி' ஆவது அதனால்தான்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். கார், அம்பு இரண்டுக்குமான ஸ்வீடிஷ் சொற்கள் நம் எழுத்தில் ஒரே 'பீல்' ஆகிவிடும். அவர்களுக்கு முதலெழுத்தே வேறு. (இங்கே அச்சு வசதிக்காக எழுதுகிறேன், உங்கள் நோட்டில் வேண்டாம்.) கைபேசியில் ஸ்வீடிஷ் விசைப்பலகையை நிறுவிக்கொள்ளுங்கள். ஏ எழுத்தின் மேலுள்ள வளையத்தை விட்டால் 'தலைமுடி' என்ற சொல் 'வைத்திருக்கிறது' என்ற வினையாகிவிடும்.

பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதுதான் அடிக்கடி காணும் தவறு. 'என்', 'எத்' என இரு பால்கள் உண்டு. சுமார் முக்கால்வாசிச் சொற்கள் 'என்' வகை என்பதால் பலர் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். பால் தவறினால் பின்னொட்டும் பெயரடையும் சேர்ந்து தவறும்: 'என் ஸ்தூர் பீல்' பெரிய கார், 'எத் ஸ்தூர்த் ஹூஸ்' பெரிய வீடு, குறிப்பிட்ட கார் என்றால் 'பீலென்', குறிப்பிட்ட வீடு என்றால் 'ஹூசெத்'. சொற்களை மனப்பாடம் செய்யும் அட்டையில் பாலோடு சேர்த்தே எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். மறுபார்வை குவிந்தால் பலரும் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

வினை ஆளுக்கேற்ப மாறாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் சாதாரண வாக்கியத்தில் அது இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'யாக் ஏத்தெர் ஃபிஸ்க்' என்றால் நான் மீன் சாப்பிடுகிறேன். 'இன்று' முன்னால் வந்தால் 'இதாக் ஏத்தெர் யாக் ஃபிஸ்க்'. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் 'இதாக் யாக்' என்று தொடங்கி மாட்டிக்கொள்வார்கள்.

ஸ்வீடன் அரசு நிறுவனமான ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட்டின் 'லேர்னிங் ஸ்வீடிஷ்' இலவசப் பாடத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடிஷ் அகாடமியின் அகராதிகளும் இணையத்தில் இலவசமே. ஓரளவு தேறியபின், எளிய ஸ்வீடிஷில் செய்தி தரும் '8 சீதொர்' (8 Sidor) இதழில் தினம் ஒரு செய்தி: முதலில் பார்க்காமல் கேளுங்கள், பிறகு எழுத்தோடு ஒப்பிடுங்கள், மூன்றாவதாகக் கூடவே சொல்லுங்கள். பேச்சில் 'யாக்' வெறும் 'யா' ஆகும், 'ஒக்' என எழுதும் 'உம்' என்ற இணைப்புச் சொல் வெறும் 'ஒ' ஆகும். எழுத்தை மட்டும் படித்தவருக்குத் தெரிந்த சொல்கூடக் காதில் விழாமல் போவது இதனால்தான்.

இப்படிக்கு,
மொழிப் பயிற்றுநர், கோவை