பாராட்டு விருது பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. உங்கள் மருத்துவமனைக் குழுமத்தில் ஊழியர் பாராட்டுத் திட்டத்தையும் மாதச் செய்தி இதழையும் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வார்டில் நின்று வேலை பார்த்த ஒருத்தி கைக்கு இது வந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கிருந்து தொடங்குவது, யாருக்குக் கொடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றெல்லாம் கேட்டிருந்தாய். எனக்குத் தோன்றியதையெல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் இங்குள்ள செய்தி. நம்மோடு சர்ஜிக்கல் வார்டில் இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். வழியனுப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அர்ப்பணிப்பு, தன்னலமற்ற சேவை, புன்னகை மாறாத முகம் என்று பேசிக்கொண்டே போனார்கள், அவரும் கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு இளம் டாக்டர் எழுந்தார். தான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், நடு ராத்திரியில் ஒரு நோயாளிக்கு இன்சுலின் 4 யூனிட் எழுதியபோது, யூனிட் என்று முழுசாக எழுதாமல் ‘U’ என்று ஒற்றை ஆங்கில எழுத்தாகக் கிறுக்கிவிட்டாராம். அந்த எழுத்து பூஜ்யம் மாதிரி விழுந்து 40 என்று படிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. சிஸ்டர் சார்ட்டை எடுத்துவந்து, ‘டாக்டர், இதை மட்டும் ஒரு தடவை முழுசா எழுதிக் கொடுத்துடுங்க’ என்று நீட்டியிருக்கிறார். அவ்வளவுதான். யார் முன்னாலும் சொல்லவில்லை, பிறகு ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. இன்றுவரை தன் கை அந்த எழுத்தைச் சுருக்கி எழுதியதே இல்லை என்று அந்த டாக்டர் சொன்னபோது, அதுவரை அசையாமல் இருந்த சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

நீ கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நான் சொல்ல நினைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஒருவரைப் பாராட்டுவது என்றால் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தவர் வாயால் சொல்ல வேண்டும். ‘சிறந்த ஊழியர்’ என்று போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை இத்தனை வருஷமாகப் பார்த்துவிட்டோம், எதற்காக அந்த மாதம் அவர் சிறந்தவர் என்று கேட்டால் பக்கத்து வார்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு பெயர் அனுப்புவார்கள், போன தடவை மெடிக்கல் வார்டு, இந்தத் தடவை குழந்தைகள் வார்டு என்று முறை வைத்துச் சுற்றும். வாங்குகிறவருக்கே அதில் பெரிய மகிழ்ச்சி இருப்பதில்லை.

நர்சுகளுக்குக் கொடுக்கும் டெய்சி விருது பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அமெரிக்காவில் பேட்ரிக் பார்ன்ஸ் என்பவர், ரத்தத் தட்டணுக்களை உடலே அழித்துக்கொள்ளும் ஐ.டி.பி. நோயின் சிக்கல்களால் 1999-இல் இறந்துபோனார், வயது 33தான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் நர்சுகள் அவரையும் வீட்டாரையும் நடத்திய விதத்தை அந்தக் குடும்பத்தால் மறக்க முடியவில்லை. அந்த நன்றியில் தொடங்கியதுதான் அந்த விருது. இன்று பல நாடுகளில், ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், நோயாளியோ வீட்டாரோ கூட வேலை பார்ப்பவரோ நடந்ததைக் கதையாக எழுதிக் கொடுக்கிறார்கள், அதை வைத்துத்தான் தேர்வு. வெறும் மதிப்பெண், நட்சத்திரக் குறி என்றால் அங்கே ஒன்றும் நடக்காது. விருதாகக் கொடுக்கும் சிலையை ஜிம்பாப்வே சிற்பிகள் கையால் செதுக்குகிறார்கள், செவிலியர் ஒருவர் நோயாளியை அணைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அதனால் நீ ஃபார்ம் தயாரிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிடு என்கிற பெட்டிகளை வைக்காதே. என்ன நடந்தது, அதனால் யாருக்கு என்ன மாறியது, இந்த இரண்டு கேள்வி போதும். எழுதத் தெரியாத நோயாளியோ வீட்டாரோ வாயால் சொன்னால் யாராவது எழுதி எடுத்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் நேரத்தில் பில்லோடு சேர்த்து நீட்டினால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள், அவர்கள் மனசெல்லாம் வீட்டுக்குப் போவதில் இருக்கும். மறுபரிசோதனைக்கு வரும்போது கேட்டுப் பார், நிதானமாகச் சொல்வார்கள்.

ஆனால் நோயாளி சொல்வதை மட்டும் நம்பி இருந்தால் ஒரு பெரிய கூட்டம் விடுபட்டுப் போகும். நோயாளி கண்ணில் படவே படாதவர்கள். ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கெல்லாம் கிருமி நீக்கும் எங்கள் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் ஒரு அண்ணன் இருக்கிறார், கருவிகளைக் கழுவி, பேக் செய்து, ஆவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்குவதுதான் அவர் வேலை. ஒரு நாள் காலையில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்ட் நிறைந்திருந்தது. இறக்கிய லோடில் எல்லாப் பேக்குகளின் மேலும் ஒட்டிய டேப்பில் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன, பார்க்கிறவர் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். அவரோ லோடோடு வைத்திருந்த சோதனைப் பேக்கைப் பிரித்து உள்ளே இருந்த இண்டிகேட்டர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஓரம் வெளிறியிருந்தது. மேலே ஒட்டிய டேப் கறுத்தால் பேக் ஆவியில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே நடுவரைக்கும் போதுமான நேரம் ஆவி போய்ச் சேர்ந்ததா என்பதை அந்தப் பட்டைதான் சொல்லும். இந்த லோடு வெளியே போகாது என்று நிறுத்திவிட்டார். ஓ.டி.யிலிருந்து போன் மேல் போன், ஒரு சீனியர் சர்ஜன் நேரில் வந்தே சத்தம் போட்டார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை, பட்டையை அவர் கையில் கொடுத்தார். அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப்போய் லிஸ்டை மாற்றிப் போட்டார். கதவு கேஸ்கெட் தேய்ந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாரும் அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை, அப்படி ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நடக்காமல் போன தொற்றுக்கு எந்த ரெக்கார்டும் கிடையாது. இதை இதழில் முழுசாக எழுதினோம். பட்டையைப் பற்றி, டேப்பைப் பற்றி, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி. அதைப் படித்த பிறகு வார்டு நர்சுகள் சிலர் சி.எஸ்.எஸ்.டி.யை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதுவரை அது அவர்களுக்குப் பொருள் வாங்கும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

லேபிலும் இதே கதைதான். ஒரு ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கால்சியம் அடிமட்டத்தில் இருக்கிறது. மெஷின் சொன்னதை அப்படியே அனுப்பிவிட்டால் வார்டில் அவசர சிகிச்சை ஆரம்பித்துவிடுவார்கள். டெக்னீஷியன் பெண் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ. இதில் கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, போன் செய்து புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்கிறாள். வருவது நார்மல் ரிசல்ட். இப்படி ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஏதோ ஒன்று நடக்கிறது, எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை.

இதற்கு ஒரு நல்ல வழியை இங்கிலாந்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2014-இல் தொடங்கினார்கள். தவறு நடந்தால் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுகிறோம் இல்லையா, அதே போல நன்றாக நடந்த ஒன்றைப் பார்த்தாலும் ரிப்போர்ட் எழுது என்றார்கள். யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதலாம், சம்பந்தப்பட்டவருக்கு அது போய்ச் சேரும், அதிலிருந்து மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்றும் உட்கார்ந்து பேசுவார்கள். கமிட்டி கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்து மேடை ஏற்றுவதைவிட இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது, மாத முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உன்னால் முடிந்தால் விருதுக்கு முன்னால் இதைத் தொடங்கு.

அப்புறம் கட்டாயமாக ஒன்றைத் தடுத்து நிறுத்து. லீவே போடாதவர்களுக்குப் பரிசு என்று யாராவது கிளம்புவார்கள். வேறு எந்த இடத்திலும் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆஸ்பத்திரியில் கூடாது. காய்ச்சலும் இருமலுமாக இருப்பவர், ஒரு நாள் லீவு போட்டால் சான்றிதழ் போய்விடும் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கோ கீமோதெரபி வார்டுக்கோ வந்து நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரிதான் ‘இந்த மாதம் ஒரு நோயாளிகூடக் கீழே விழாத வார்டு’ என்று கோப்பை கொடுப்பதும். கோப்பை வந்த பிறகு விழுவது குறைகிறதோ இல்லையோ, விழுந்ததை ரிப்போர்ட்டில் எழுதுவது குறைந்துவிடும். தன் கையால் நடந்த தவறைத் தானே முன்வந்து சொன்ன நர்சுக்குக் கோப்பை கொடுங்கள், நான் கை தட்டுகிறேன்.

இன்னொரு விஷயம், இதை மேலே இருப்பவர்களிடம் நீ தயங்காமல் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறைக்குப் பாராட்டு மருந்தாகாது. 2002-இல் நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை உனக்கு நினைவிருக்கும். ஒரு நர்சுக்குக் கூடுதலாக ஒரு நோயாளியைக் கொடுத்தால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, நர்சுகள் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ரோஸ்டரில், அதாவது டூட்டி அட்டவணையில், இரட்டை ஷிஃப்ட் போட்டுவிட்டு மே 12 அன்று நைட்டிங்கேல் பிறந்தநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றினால், ஏற்றுகிற கையே நடுங்கும். நானே நைட் முடித்துவிட்டு அப்படி ஒரு விழாவில் நின்றிருக்கிறேன். வாழ்த்துச் செய்தி வாசித்து முடிப்பதற்குள், எப்போது உட்காரலாம் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. விருதுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதி ரோஸ்டருக்கும் வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடு, பிறகு சொன்னால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

கான்ட்ராக்டில் இருப்பவர்களையும் மறந்துவிடாதே. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லாண்டரி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், பல இடங்களில் இவர்கள் வெளி ஏஜென்சி ஆட்கள். நம் ஊழியர் பட்டியலில் இல்லை, அதனால் விருதுக்குத் தகுதி இல்லை என்று விதியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை முதலில் எடுக்கச் சொல். தனிமை வார்டில் ஒரு படுக்கை காலியானால், கட்டில் கம்பி, அழைப்பு மணி பட்டன், கதவுக் கைப்பிடி என்று கை படும் இடம் ஒன்றுகூட விடாமல் துடைக்கிற அக்காவைவிடத் தொற்றைத் தடுப்பவர் யார்? அவருக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது பெயரைச் சரியாக எழுதுங்கள், இனிஷியலோடு. பெயரைத் தப்பாக அச்சடித்துக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

மேடை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிலருக்குக் கூட்டத்தின் முன் நிற்பதே தண்டனை. அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். நைட் டூட்டிக்காரர்களைப் பகல் விழாவுக்கு வரச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்காமல், நிர்வாகத்தில் இருப்பவர்கள் ராத்திரி ஹேண்ட்ஓவர் நேரத்துக்கு வார்டுக்கு வந்து கொடுக்கட்டும். எங்கள் மெடிக்கல் டைரக்டர் ஒரு தடவை அப்படி வந்தார். அந்த வார்டில் இன்னமும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதழைப் பற்றி எனக்குப் பெரிய ஆலோசனை இல்லை. ரிப்பன் வெட்டும் போட்டோக்களைக் குறைத்துக்கொள். யார் புதிதாகச் சேர்ந்தார், யார் எந்தக் கிளைக்கு மாற்றலானார், யார் படிப்பு முடித்தார், யாருக்குக் குழந்தை பிறந்தது, இதைத்தான் எல்லோரும் முதலில் தேடிப் படிக்கிறார்கள். நோயாளியின் கதையைப் போடும்போது அனுமதி எழுத்தில் வாங்கிக்கொள். பெயரை எடுத்துவிட்டாலும் வார்டு, தேதி, நோய் மூன்றையும் சேர்த்து வைத்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். நம் பழைய ரூம்மேட் டயாலிசிஸ் யூனிட்டுக்கு இன்சார்ஜ் ஆகியிருக்கிறாள், புதிய கிளை திறந்ததும் அங்கே போகிறாள். நான் ஐ.சி.யு.வில்தான் இருக்கிறேன், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் பயிற்சி கொடுக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் ஃபார்ம் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, எங்கள் மாட்ரனிடம் காட்ட வேண்டும். கமிட்டியின் முதல் கூட்டம் முடிந்ததும் எழுது. லேப், சி.எஸ்.எஸ்.டி., ஹவுஸ்கீப்பிங் மூன்றிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைக் கமிட்டியில் சேர்க்க ஒத்துக்கொண்டார்களா என்பதை மட்டும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
உன் பழைய நைட் டூட்டி தோழி