ஹால் சாவி கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

இங்கிலாந்துல, எங்க டெவன் கிராமத்து மக்களுக்கு வணக்கம். மனசுல இருக்கறது முழுசா வரணும்னா எனக்குத் தமிழ்தான், அதான் தமிழ்லயே எழுதறேன், அடுத்த கூட்டத்துல பேத்தி இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லுவா.

நானும் அவரும் முப்பது வருஷம் என்ஹெச்எஸ்னு சொல்ற அரசு மருத்துவ சேவையில ஓடிட்டு, ரிட்டயர் ஆனப்புறம் டார்ட்மூர் மேட்டுநிலத்து ஓரமா அமைதியா இருக்கலாம்னு இங்க வந்தோம். அவர் போனப்புறம் அந்த அமைதியைத்தான் என்னால தாங்க முடியல, மூணு மாசம் வெளியவே வரல. கார்டு போட்டீங்க, பூ கொண்டு வந்தீங்க, எல்லாத்துக்கும் நன்றி. ஆனா எதிர் வீட்டம்மா ஒருநாள் கதவைத் தட்டி, "ஊர் ஹால்ல வியாழக்கிழமை காபி மார்னிங்க்கு டீ ஊத்த ஆள் இல்ல, வரீங்களா"ன்னு கேட்டாங்க பாருங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். 72 வயசுல என்னால ஒரு வேலை ஆகணும்னு வந்து நின்னாங்களே!

முதல் நாள் அந்த வெளிர்பச்சை கப்புங்களை அடுக்கும்போது கை நடுங்குச்சு, யாரோ ஒருத்தர் பேசாம பக்கத்துல வந்து சாஸரை வெச்சுக்கிட்டே வந்தார். ஸ்கோன் பன்னுல முதல்ல கிரீம், அதுக்கு மேலதான் ஜாம், மாத்தினா அது பக்கத்து கார்ன்வால் வழக்கம்னு அன்னிக்கே சொல்லிக் கொடுத்துட்டீங்க.

அப்புறம் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற பெண்கள் சங்கம். 1915ல வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சீ தீவுல தொடங்கி, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல டன் கணக்கா ஜாம் காய்ச்சின சங்கம் அது, அங்க போய் நான் எலுமிச்சங்கா ஊறுகாய் போட்டுக் காட்டினேன், உப்புல எத்தனை நாள் ஊறணும், வெயில் இல்லாட்டி என்ன பண்றதுன்னு நீங்க விடாம கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டப்போ எங்கம்மா ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுது.

கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில தேதியை ரெண்டு தடவை மாத்தினாங்க, மூணு தடவையும் முகம் சுளிக்காம கார் எடுத்த அந்த ஐயாவுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல. பப் வாசலே மிதிக்காத என்னை ஸ்கிட்டில்ஸ் ஆடக் கூட்டிட்டுப் போன பொண்ணுங்களுக்கும் நன்றிம்மா. மரப்பந்தை உருட்டி ஒன்பது கட்டையில ஏழைச் சாய்ச்சேன், நீங்க போட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது.

போன மாசம் கமிட்டில இருந்து ஹால் சாவியை என்கிட்ட கொடுத்தீங்க. அதை அவர் போட்டோ பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்னாடியே திறந்து வெந்நீர் போட்டுடறேன், வந்துடுங்க, கேசரியும் கிண்டி எடுத்துட்டு வரேன்.