விஸ்காம் சேரும் முன் தவணையைக் கணக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பில் சேர்க்கும் பெற்றோர் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று விசாரிக்கிறார்கள். படிப்பு முடிந்தபின் மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் படிப்புக்கு முதலில் பார்க்க வேண்டியதே அந்தத் தொகைதான்.

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வீதம் மூன்றாண்டுக்கு 3,60,000 ரூபாய் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் வரை வங்கி சொத்துப் பிணையோ, செலவில் ஒரு பங்கை நாமே போடும் கைப்பணமோ கேட்காது. அந்த வசதியாலேயே யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். படிக்கும் மூன்றாண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதலாண்டுப் பணத்துக்கு நான்காண்டு வட்டி, இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு மூன்றாண்டு, கடைசித் தொகைக்கு இரண்டாண்டு. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் 1,13,400 ரூபாய் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் அசலோடு கலந்துவிடுகிறது. வாங்கிய கடன் 3,60,000. திருப்பிக் கட்டத் தொடங்கும் கடன் 4,73,400. பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 6,390 ரூபாய்.

எடிட்டிங்கிலோ தயாரிப்புப் பிரிவிலோ வேலைக்குச் சேர்ந்து 15,000 ரூபாய் கைக்கு வருகிறது என்றால், அதில் 43 சதவீதம் தவணைக்கே போய்விடும். மிச்சத்தில் சென்னையில் அறை வாடகை, மெஸ், பஸ், செல்போன் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. அப்பாவின் சம்பளத்திலிருந்துதான் தவணை போகும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். தவணை முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். மேலே சொன்ன வட்டியில், பத்தாண்டுக் காலத்தில், மாதம் கட்டக்கூடிய ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் சுமார் 56,000 ரூபாய் கடன் தாங்கும். 15,000 சம்பளத்துக்குத் தவணை 3,000. தாங்கும் கடன் 1,70,000க்குள், அதாவது ஆண்டுக்கு 56,000. கட்டணமும் விடுதியும் அதற்கு மேல் போனால், மீதியைக் கையிலிருந்து போட முடியுமா என்று பார்த்த பிறகே சேர வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்; விஸ்காம் பெரும்பாலும் அங்கே மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது.

சரி, முதல் சம்பளம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரத்தில் வரும் 'அதிகபட்ச ஊதியம்' ஒரே ஒரு மாணவருடையது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் வேலை பெற்றோர் எண்ணிக்கை, மேற்படிப்புக்குப் போனவர்கள், சம்பள வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கும் இடைநிலை ஊதியம் ஆகியவை இருக்கும். கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் அது மூன்றாண்டுப் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை. பி.காம்., பி.சி.ஏ. முடித்து ஐ.டி. நிறுவனங்களுக்குப் போனவர்களின் சம்பளமும் அதில் கலந்திருக்கிறது. விஸ்காம் துறைக்கு மட்டும் தனியாகக் கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள், சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு? பேட்டா மட்டும் வாங்கும் உதவி இயக்குநர்களையும் ஊதியமில்லாத பயிற்சியில் இருப்பவர்களையும் 'வேலை பெற்றோர்' கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். நம் உதாரணத்தில் அது முதலாண்டு மாதம் 1,050, அடுத்த ஆண்டு 2,100, அதன்பின் தவணை தொடங்கும் வரை 3,150. இப்படிக் கட்டினால் பத்தாண்டுத் தவணை 4,860க்கு இறங்கும். 1,13,400 ரூபாயை முன்னால் கட்டுவதால் பின்னால் 1,83,000க்கு மேல் குறைகிறது. இப்படி வட்டி கட்டுவோருக்கு 1 சதவீதம் வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அது தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது. பி.எஸ்ஸி. விஸ்காமை அதில் எடுத்துக்கொள்வார்களா என்பதை விண்ணப்பிக்கும் நாளிலேயே கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மானியம் வரும் என்று நம்பி வட்டியைச் சேர விடாதீர்கள். 2024இல் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளோருக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு; கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாயை அப்படியே முதலாண்டு வட்டிக்குத் திருப்பிவிடலாம்.

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கல்யாணப் படப்பிடிப்போ விளம்பரப் படமோ, பணம் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. தவணை மாதாமாதம் வருகிறது. 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். கூட்டுக் கடன்தாரரான பெற்றோரின் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சரிந்து, தம்பி தங்கையின் கல்விக் கடன் வரை அடிபடும். இவர்கள் 15 ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொள்வது நல்லது. தவணை 5,230 ஆகக் குறையும். அதே வேகத்தில் கட்டினால் மொத்தம் 9.4 லட்சம் ஆகிவிடும் என்பதால், வருமானம் வரும் மாதங்களில் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லை.

கேமராவுக்காகத் தனிக்கடன் வாங்குவதையும் தவிர்க்கலாம். கல்லூரியின் விஸ்காம் துறையில் எத்தனை கேமரா, எத்தனை எடிட்டிங் கணினி இருக்கின்றன, ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர் என்பதைச் சேருமுன் நேரில் போய் எண்ணிப் பாருங்கள்.

துறைவாரியான இடைநிலை ஊதியத்தைச் சேர்க்கைக் கையேட்டில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று உயர்கல்வித் துறை இந்த ஆண்டே கல்லூரிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
கல்விக் கடன் வழிகாட்டுநர்கள்,
மதுரை.