முரளிக்கு: தினமும் ஓட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நீ கேட்டிருக்கும் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை, அதான் இந்தத் தாமதம். முதலில் வீட்டுச் செய்தி: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். பெரியவள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டிலும் சீக்கிரமே அந்த நிலைமைதான்.

அதற்கு அடுத்த பத்தியில், இனிமேல் பின்சீட் யாருக்கு வேண்டும், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அதிலேயே தினமும் ஆபீசுக்குப் போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்கு அத்தனை சந்தோஷம். தாராளமாகச் செய். வாரத்தில் ஒரு நாள் துடைத்து எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போர்வை போட்டு மூடி வைக்கும் வண்டியை விட, மழையிலும் தூசியிலும் தினமும் ஓடும் வண்டிக்குத்தான் மரியாதை என்பது என் கட்சி.

போர்ஷே 911, செவர்லே கார்வெட், பிஎம்டபிள்யூ எம்4 என்று மூன்றையும் எடுத்து, குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி, உச்ச வேகம் எல்லாம் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். எண்கள் சரிதான். ஆனால் தினமும் ஓட்டப்போகும் வண்டியை இந்த எண்களை வைத்துத் தேர்ந்தெடுக்காதே. மூன்றுமே மூன்றாவது கியரை முடிப்பதற்குள் எந்தச் சாதாரணச் சாலையின் வேக வரம்பையும் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் பலத்துக்கு உன் ஆபீஸ் வழியில் வேலையே கிடையாது. உன் நேரமெல்லாம் போகப்போவது நாற்பதிலும் அறுபதிலும், சிக்னலிலும், பார்க்கிங்கிலும்தான். அந்த வேகத்தில் ஸ்டியரிங் கையில் எப்படி இருக்கிறது, பிரேக்கை லேசாகத் தொட்டால் எப்படிப் பிடிக்கிறது, பின்னால் வரும் பைக் கண்ணில் படுகிறதா என்பதைப் பார். நாற்பதில் சுகமாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான் தினசரிக்கு ஆகும்.

இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஒரு வண்டியைச் செய்தது ஹோண்டா என்பேன். என்எஸ்எக்ஸ் நினைவிருக்கிறதா? 1989-இல் சிகாகோ கண்காட்சியில் காட்டி, 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை சூப்பர் கார் என்றாலே கிளட்ச் கல்லாக இருக்கும், பின்னால் ஒன்றும் தெரியாது, கேபின் கொதிக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஹோண்டாக்காரர்கள் எஃப்-16 போர் விமானத்தின் காக்பிட்டைப் பார்த்து, ஓட்டுபவருக்குச் சுற்றிலும் தெரியும்படி கண்ணாடிகளையும் மெல்லிய தூண்களையும் அமைத்தார்கள். எடை குறைய உடலை முழுக்க அலுமினியத்தில் செய்தார்கள். நடுவில் 3 லிட்டர் வி6 எஞ்சின். ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா ஜப்பானின் சுசூகா ரேஸ் தடத்தில் முன்மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, உடல் இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொன்ன கதை உனக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு ஒன்று. மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர் காரை வடிவமைத்த கார்டன் மர்ரே ஒரு என்எஸ்எக்ஸை வாங்கிப் பல வருஷம் சொந்த வண்டியாக ஓட்டினார். தன் வண்டி சாலையில் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார். பின்னாளில் உலகத்திலேயே வேகமான கார் என்று பெயர் வாங்கிய வண்டியைச் செய்தவர் அளவுகோலாக எடுத்தது, 280 குதிரைத்திறன்கூடத் தாண்டாத, நிம்மதியாக ஓட்டக்கூடிய ஒரு வண்டியை!

சரி, உன் மூன்றுக்கு வருகிறேன்.

நான் சில வருஷமாக 911-இன் முந்தைய தலைமுறை வண்டி ஒன்றை, செகண்ட் ஹேண்டில் வாங்கியதை, தினமும் ஓட்டுகிறேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படி. 1963-இல் காட்டிய அந்த வடிவத்தில் எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டார்கள். அதன் பலனை இன்றும் அனுபவிக்கலாம். முன்பக்கம் முழுக்க டிக்கிக்கு விட்டுவிட்டார்கள். பின்னால் இரண்டு குட்டி சீட். பெரியவர்கள் உட்கார முடியாது, ஆனால் லேப்டாப் பை, குடை, காய்கறிப் பை எல்லாம் போட இதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டே சீட் உள்ள வண்டியை ஒரு வாரம் ஓட்டினால் அந்தக் குட்டி சீட்டின் அருமை தெரியும். அகலமும் முக்கியம். 911-இன் அடிப்படை மாடலான இப்போதைய காரெரா 1,852 மில்லிமீட்டர், கார்வெட் 1,934. வித்தியாசம் எட்டு சென்டிமீட்டர்தான், ஆனால் இரண்டுக்கும் கதவு நீளம். நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து வண்டியில் இடிக்காமல் கதவைத் திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வரும்போது அந்த எட்டு சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்று புரியும். உயரத்திலும் அப்படித்தான்: 911 ஏறக்குறைய 1.30 மீட்டர், கார்வெட் 1.23. உன் முதுகுவலியை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

கார்வெட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 2020 மாடலில் எஞ்சினை முன்னாலிருந்து சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனது பெரிய துணிச்சல். அந்த 6.2 லிட்டர் வி8 டர்போ இல்லாமல் மூச்சு விடுவதால், காலை லேசாக வைத்தாலும் உடனே, சீராகப் பதில் சொல்லும். நாற்பதில் சுகம் என்று சொன்னேனே, இதுவும் அதில் சேர்த்திதான். முன்பக்கத்தைத் தூக்கும் வசதியைச் சேர்த்து வாங்கினால், வேகத்தடையும் சரிவும் உள்ள இடங்களை ஜிபிஎஸ் மூலம் ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கே தானாகவே மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஆயிரம் இடம் வரை பதிந்து வைக்கலாம். ஆனால் பின்னால் பார்ப்பது கஷ்டம். தோளுக்குப் பின்னால் திரும்பினால் எஞ்சின் அறையும் தடித்த தூணும்தான் தெரியும்.

எம்4-ஐப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பாராட்டு. சரியான பின்சீட், சரியான டிக்கி, சாதாரணக் கார்போல ஏறி இறங்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனி. முந்தைய தலைமுறையில் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடித்துத் தானாகக் கியர் மாற்றுவது, இருந்தது. 2020-இல் வந்த தலைமுறையில் அதை விட்டுவிட்டு டார்க் கன்வர்ட்டர் வைத்த 8 கியர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டார்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது டூயல் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே போகும், சூடாகும். டார்க் கன்வர்ட்டரில் அந்த வேலையைத் திரவம் செய்வதால் தேய்மானம் இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். நீ டூயல் கிளட்ச் உள்ள வண்டியை வாங்கினால், முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்ந்தாற்போல நகரப் பழகு. பிரேக்கை லேசாக விட்டு ஊர்ந்துகொண்டே இருக்காதே.

டயரைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. காரெராவின் பின் டயரில் 295/35 என்று போட்டிருக்கும். 295 மில்லிமீட்டர் அகலம், அதில் 35 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 103 மில்லிமீட்டர். சாதாரணக் காரில் வரும் 195/65 டயருக்குப் பக்கச்சுவர் 127. குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் மெத்தை இவ்வளவுதான். ரிம் பெரிதாகப் பெரிதாக மெத்தை மெலியும், அடி ரிம்மில் விழும். அதனால் ஷோரூமில் பெரிய ரிம்மைக் காட்டி அழகு என்பார்கள், மயங்காதே. அந்த மாடலுக்குக் கிடைப்பதிலேயே சின்ன ரிம்மைக் கேள். காரெராவுக்கு முன்னால் 19, பின்னால் 20 அங்குலம், காரெரா எஸ்-க்கு 20, 21. நான் எஸ் வேண்டாம் என்பதற்கு இதுவே பாதிக் காரணம். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் டயர்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது, பின் டயர்கள் முதலில் போகும். வண்டித் தயாரிப்பாளர் ஒப்புதல் கொடுத்த டயரில் தனிக் குறி இருக்கும்: போர்ஷேக்கு 'N' எழுத்து, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம். ரேஸ் தடத்துக்கென்று வரும் பாதி வழுக்கை டயரைத் தொடாதே. தேங்கிய தண்ணீரில் அது சாலையை விட்டு மிதக்கும். கோடைக்கால டயரும் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிமானத்தை இழக்கும். ஸ்பேர் சக்கரமும் இருக்காது, ஓட்டையை அடைக்கும் திரவமும் ஒரு குட்டி பம்பும்தான் தருவார்கள்.

அப்புறம் எஞ்சின் சூடாவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமிக்கொண்டு சுற்றும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைச் சீக்கிரம் சூடாக்கத்தான் அந்த உறுமல், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கூலன்ட் முள் சில நிமிஷத்தில் நடுவுக்கு வந்துவிடும், அதை நம்பி மிதிக்கக் கூடாது. ஆயில் சூடாக அதைவிட நிறைய நேரம் பிடிக்கும். என் வண்டியில் ஆயிலுக்குத் தனி மீட்டர் இருக்கிறது, அது 90 டிகிரியைத் தொடும்வரை நான் எஞ்சினை நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் விடுவதில்லை. பிஎம்டபிள்யூவின் எம் வண்டிகளில் ஆயில் சூடேறச் சூடேற எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் சிவப்பு எல்லை மேலே நகரும், அருமையான ஏற்பாடு. ஆபீஸ் மூன்று, நாலு கிலோமீட்டரில் இருந்திருந்தால் உன்னை இந்த வண்டியே வேண்டாம் என்றிருப்பேன். ஆயில் சூடாகும் முன்பே அணைத்து அணைத்து ஓட்டினால், அதில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். உனக்கு ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர், கவலை இல்லை. ஓடாமல் நிற்பதுதான் இந்த வண்டிகளுக்கு வியாதி. பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும், ரப்பர் சீல்கள் காயும். செகண்ட் ஹேண்டில் பார்த்தால், பத்து வருஷத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாததைப் பொக்கிஷம் என்று நினைக்காதே. ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் ஆன ரசீதுகள் உள்ள வண்டியைப் பார்.

கார்பன் செராமிக் பிரேக் வேண்டாம். போர்ஷே அதை 2001-இல் 911 ஜிடி2-வில் கொண்டுவந்தது. எடை குறைவு, துருப்பிடிக்காது, சக்கரத்தில் கரித்தூள் படியாது, எல்லாம் உண்மை. ஆனால் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது யாராவது கவனக்குறைவாக டிஸ்க்கின் ஓரத்தைத் தட்டிச் சில்லு பெயர்ந்தால் பெரிய செலவு. இரும்பு டிஸ்க் உனக்குத் தாராளம். ரேஸ் காரில் வருவதுபோல உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பக்கெட் சீட்டும் அப்படித்தான், படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், உன் முதுகுக்கு ஆகாது. 911-இலேயே ரேஸ் தடத்தை மனதில் வைத்துச் செய்த ஜிடி3-யின் மேல் உனக்கு ஒரு கண் இருப்பதும் தெரியும். 9,000 சுற்று வரை போகும் எஞ்சின், ஆசை வராமல் எப்படி இருக்கும்! ஆனால் அது அந்தச் சுற்றில்தான் உயிர் பெறும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உணர்வுதான் மிஞ்சும்.

உன் அட்டவணையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மஸ்டா எம்எக்ஸ்-5, ஆல்பைன் ஏ110 இரண்டையும் முடிந்தால் ஓட்டிப் பார். ஏ110 சுமார் 1,100 கிலோ, எம்எக்ஸ்-5 அதைவிடவும் குறைவு. எடை குறைந்தால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலும் வண்டி ஆடாது. டயர் அகலம் குறைந்தாலும் பிடிமானம் போதும். நாற்பதில் ஒரு வளைவைத் திரும்பும்போதே சாலை கைக்குள் வந்துவிடும். மின்சார வண்டியில் ஹூண்டாய் ஐயோனிக் 5 N இருக்கிறது. சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நெரிசலில் சொகுசு. ஆனால் ஏறக்குறைய 2,200 கிலோ. அந்த எடையை எலெக்ட்ரானிக்ஸ் சாமர்த்தியமாக மறைக்கிறது, எனக்கு அது ஒட்டவில்லை.

என்னைக் கேட்டால், சாதாரணக் காரெரா, சின்ன ரிம், சாதாரண சீட், முன்பக்கம் தூக்கும் வசதி. டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் கூப்பிடுவார்கள், ஒத்துக்கொள்ளாதே. வேலைநாளில் நீ ஆபீஸ் போகும் நேரத்தில், உன் வழியில், ஒரு மணி நேரம் கேள். மழை பெய்தால் இன்னும் நல்லது. நீயே ரிவர்ஸ் எடுத்து நிறுத்திப் பார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கும்போது முதுகு என்ன சொல்கிறது என்று கவனி. உயரமான வேகத்தடையில் வண்டியைக் கொஞ்சம் சாய்வாக விடு, ஒவ்வொரு சக்கரமாக ஏறினால் அடிப்பாகம் தட்டாமல் தப்பிக்கும்.

இப்போதைக்கு ஒரு உதவி செய். உன் அடுக்குமாடிப் பார்க்கிங்கின் இறக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து, எவ்வளவு நீளத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் பிடித்து அளந்து அனுப்பு. மூன்று வண்டியில் எதன் முன்பம்பர் அங்கே இடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அது தெரியாமல் முன்பணம் கட்டிவிடாதே. சுமதியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு