திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்

மயூர் விஹார், டில்லி

அன்புள்ள ஜானகி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே அடிக்கிற குளிரில் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை என்று சாக்கு வைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? மாப்பிள்ளைக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி.

பிப்ரவரி கடைசியில் மாதர் குழு பதினான்கு பேரோடு வருகிறாயாம், சந்தோஷம். ஆனால் நீ போட்டிருக்கிற திட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒரே நாளில் நேஷனல் மியூசியம், கைவினை மியூசியம், ரயில் மியூசியம், சாயங்காலம் மலை மந்திர் வேறு! பதினான்கு பேரையும் எண்ணி எண்ணி வேனில் ஏற்றவே உனக்குப் பொழுது போய்விடும்.

முதலில் திங்கட்கிழமையை அடித்துவிடு. அன்று மூன்றுமே மூடல். போன வருஷம் எங்கள் சொசைட்டி ஆட்களை வேன் பிடித்து நான்தான் கூட்டிப்போனேன், ஒரு திங்கட்கிழமை. பூட்டிய கேட்டுக்கு எதிரே நடைபாதையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். எதிர் வீட்டு மாமி இன்னமும், "திங்கட்கிழமை எங்கேயாவது போகலாமா?" என்று கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

என்னைக் கேட்டால் முதல் நாள் நேஷனல் மியூசியம் மட்டும் போதும். அதிலும் எல்லாக் கூடத்தையும் பார்க்க நினைக்காதே. வாசலிலேயே நம் கும்பகோணத்து மரத்தேர் நிற்கிறது, அங்கே ஐந்து நிமிஷம். அப்புறம் நேரே சிந்துவெளிக் கூடம். பாடப் புத்தகத்தில் பார்த்தோமே, அந்த மொகஞ்சதாரோ நடனப் பெண், உயரம் வெறும் 10.5 சென்டிமீட்டர். அரைச் சாண்! பெரிய சிலையைத் தேடிக்கொண்டு நான் முதல் தடவை அவளைத் தாண்டியே போய்விட்டேன். கிட்டே போய்க் குனிந்து பார். இடது கை முழுக்க, தோள்வரை வளையல். வலது கையை இடுப்பில் ஊன்றி, 'உன்னால் ஆனதைப் பார்' என்கிற மாதிரி நிற்கிறாள்.

மொகஞ்சதாரோக் கழுத்தணி ஒன்றும் இருக்கிறது, அதாவது அதில் பாதி. தேசப் பிரிவினையின்போது நூலை அறுத்து மணிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு, ஒரு பங்கு நமக்கு. அம்மாவின் காசுமாலையை அக்காவும் நானும் பங்கு போட்ட கதைதான் உனக்குத் தெரியுமே. அவளுக்கு இருபத்தொரு காசு, எனக்கு இருபது. அந்த ஒரு காசுக்காக நாலு மாசம் பேச்சுவார்த்தை இல்லை! அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்த ஞாபகம்தான்.

கடைசியாக வெண்கலக் கூடம். உன் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளம் நடராஜர் அங்கே இருக்கிறார். சோழர் காலத்தவர். வழக்கமான தூக்கிய பாதம் கிடையாது. முழங்கால்கள் இரண்டும் மடங்கிய சதுர தாண்டவம். ஊர்க்காரி நீ, உன் குழுவுக்கு நீயே விளக்கு.

ரயில் மியூசியத்தை மறுநாள் வைத்துக்கொள், பேரப்பிள்ளைகள் வந்தால் மட்டும். பாட்டியாலா மகாராஜா காலத்து மோனோரயில் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தண்டவாளத்தில், மறுபக்கம் பெரிய சக்கரம் சாலையில். கைவினை மியூசியத்துக்கு மட்டும் உன் ஆட்களிடம் காசு கொடுத்து அனுப்பாதே, புடவைக் கடையை விட்டு நகர மாட்டார்கள்.

மெட்ரோவில் வருவதானால் ராஜீவ் சௌக்கில் மஞ்சள் லைனுக்கு மாற வேண்டும். அந்தக் கூட்டத்தில் பதினான்கு பேரைக் கட்டி மேய்க்க முடியாது, வேனே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வளையல் போட்டவர்கள் யாரும் தொலைய மாட்டார்கள், சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்!

தேதியை மட்டும் சீக்கிரம் எழுது. காலையில் குளிர் இருக்கும், எல்லோரையும் சால்வை எடுத்து வரச் சொல். எனக்கு அரைக் கிலோ காப்பித்தூள், சிக்கரி கலக்காதது.

அன்புடன்,
லலிதா